மீரான் திருடாத கிராபிக்ஸ் கார்டு

போன வாரம் வியாழக்கிழமை சாயங்காலம். மாடி வீட்டு ஷமீமா, பிள்ளையை இடுக்கிக்கொள்வது மாதிரி ஒரு லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். பின்னாலேயே அவர் மகள் நஸ்ரின், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

“அண்ணாச்சி, நீங்க பத்திரிகையில எழுதுதவங்கல்லா... எனக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்க. ஜமாத்துல குடுக்கணும்.”

“யாரு மேல?”

“மீரான் மேல. திருடிட்டான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீரானா?

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். ஷமீமாவுக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். நஸ்ரின் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள் என்பதற்காக எங்கள் மாடியில் குடியிருக்கிறார்கள். ஷமீமாவின் கணவர் கமால் சவுதியில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடித்து, சாப்பிட்டுவிட்டு, அவர் அங்கிருந்தும் மகள் இங்கிருந்தும் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுவார்கள். ஒரு மணி நேரம்.

விளையாட்டுதானே என்று தள்ளிவிடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருகிற தகப்பனும் மகளும் சேர்ந்து செய்கிற ஒரே காரியம் அது. போனில் என்றால் “சாப்பிட்டியா... படிக்கியா...” என்பதோடு பேச்சு தீர்ந்துபோகும். ரேஸில் அப்படியில்லை. “வாப்பா, இடிக்காதீங்க... வாப்பா, இது கள்ள ஆட்டம்” என்று நஸ்ரின் கத்துவது எங்கள் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் கமால் இரண்டு லேப்டாப் வாங்கினார். ஒரே கடை, ஒரே நாள், ஒரே மாடல். தனியாக ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ளே இருக்கிற ரகம். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டார். மற்றதை, அங்கேயே வேலை பார்த்து, லீவில் காயல்பட்டினத்துக்குக் கிளம்பிய மீரானிடம் கொடுத்துவிட்டார்.

அந்த ஊரில் இது வழக்கம். யார் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் அவர் பெட்டியில் பாதி அடுத்தவர் வீட்டுச் சாமானாக இருக்கும். அதற்கு அவர்கள் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்... அமானிதம். நம்பி ஒப்படைத்தது என்று அர்த்தம். எனக்கு அந்த வார்த்தை மேல் தனிப் பிரியம். மீரான் பதினைந்து வருஷமாக அமானிதம் சுமக்கிறவர். மாத்திரை, கண்ணாடி, கல்யாண நகை... ஒரு குண்டூசி குறைந்தது என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

அந்த மீரான் மேல்தான் இப்போது பிராது.

“கார் பறக்க வேண்டாமா அண்ணாச்சி? தவக்கா மாதிரி தத்தித் தத்திப் போவுது” என்றார் ஷமீமா. “அவுக லேப்டாப்புல அதே கேம் ஜம்முன்னு ஓடுது. டவுன்ல சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுனேன். கேம் சாதா கிராபிக்ஸ்லதான் ஓடுது, தனி கார்டு உள்ள இருந்தா அதுலல்லா ஓடணும், வழியில யாரோ கழட்டிருக்காவன்னு சொல்லிட்டான்.”

“மீரான் அப்படிச் செய்யுத ஆளா?”

“நானும் இல்லன்னுதான் நெனச்சேன். ரெண்டும் ஒண்ணாப் பொறந்தது. ஒண்ணு ஓடுது, ஒண்ணு நொண்டுது. நடுவுல தொட்டது யாரு? அவன் ஒருத்தன்தான? அதுவும் அட்டைப் பெட்டி இல்லாமக் கொண்டாந்து தந்தான். பெட்டி எங்கன்னு கேட்டா, வெயிட்டு கூடுதுன்னு அங்கனயே போட்டுட்டேங்கான்.”

விமானத்தில் வருகிற எல்லோரும் செய்கிற காரியம்தான். எடைக்காக அட்டைப் பெட்டியைக் கழித்துவிட்டு, துணிக்கு நடுவில் பொதிந்து கொண்டு வருவார்கள். ஷமீமாவுக்கும் அது தெரியும். ஆனால், சந்தேகம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறதே, என்ன செய்ய?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதினேன். ‘நம்பிக்கைத் துரோகம்’ என்பது இரண்டு இடத்தில் வந்தது. ஒரு மனுஷனின் பேரைக் குழி தோண்டிப் புதைக்கிற தாளில், வாக்கியம் நன்றாக விழுகிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மூன்றாவது பத்தியில் நின்றேன். திருடுபோன பொருளின் பெயரை எழுத வேண்டாமா?

“ஏம்மா நஸ்ரின், அந்த கார்டுக்குப் பேரு என்ன?”

அவள் வாப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிச் சொன்னாள். இதில் இப்போது எது இருக்கிறது என்பதையும் பார்த்து எழுதிவிடுவோம் என்று, லேப்டாப்பில் உள்ள பாகங்களையெல்லாம் பட்டியல் போடுகிற இடத்தைத் திறக்கச் சொன்னேன். நான் இதையெல்லாம் யாரிடமும் படித்ததில்லை, தட்டித் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். பட்டியலில் கிராபிக்ஸ் என்ற தலைப்பில் இரண்டு பெயர்கள். ஒன்று சாதா. இன்னொன்று... வாப்பா அனுப்பிய அதே பெயர், எழுத்து மாறாமல்.

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். “மாமா, இங்கதான இருக்கு.”

“இருக்குன்னா ஏன் ஓடல?” என்றார் ஷமீமா.

நியாயமான கேள்வி. விடை எங்கே இருந்தது தெரியுமா? செட்டிங்ஸுக்குள் போய், சிஸ்டம் என்பதற்குள் போய், டிஸ்ப்ளே என்பதற்குள் போய், அதன் அடியில் கிராபிக்ஸ் என்று ஒன்று. அங்கே ஒவ்வொரு கேமுக்கும் எந்த கார்டு என்று நாம் சொல்லலாம். நாம் சொல்லாவிட்டால்? சிஸ்டமே முடிவு செய்துகொள்ளும். அது செய்த முடிவு, பேட்டரி மிச்சமாகட்டும் என்று சாதா கிராபிக்ஸ்.

நஸ்ரின் கேமைச் சேர்த்து, ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றி, சேவ் செய்தாள். கேமைத் திறந்தால் அதே தத்தல்.

“பாத்தியளா” என்றார் ஷமீமா. “பேரு மட்டும்தான் கெடக்கு, சாமானைக் கொண்டுபோயிட்டான்.”

எனக்கும் ஒரு நிமிஷம் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. அப்புறம்தான் பிடிபட்டது. நாங்கள் சேர்த்தது கேமை அல்ல, கேமைத் திறந்துவிடுகிற வாசல் புரோகிராமை. உள்ளே ஓடுகிற கேமுக்கு வேறு ஃபைல். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பைய இறங்கித் தேடினோம். பெரிய சைஸில் ஒன்று கிடந்தது. அதைச் சேர்த்து, மாற்றி, கேமை மூடித் திறந்தாள்.

லேப்டாப்புக்குள் ஃபேன் ‘உய்ய்’ என்று எழுந்தது. கார் பறந்தது.

ஷமீமா திரையைப் பார்க்கவில்லை. மேஜை மேல் கிடந்த லெட்டரைப் பார்த்தார். நான் அதை எடுத்து நாலாகக் கிழித்தேன்.

கமாலுக்குப் போன் போட்டோம். “உங்க லேப்டாப்புல மட்டும் எப்படி ஓடுச்சு?” என்று கேட்டார் ஷமீமா.

“அதுவா? வாங்குன அன்னைக்கே ரூம்ல இருக்க மலையாளத்தார் என்னமோ மாத்தித் தந்தாரே.”

“இத மொதல்லயே சொன்னா என்ன?”

“இதெல்லாமா சொல்லணும்?”

கேட்டீர்களா? இதெல்லாமா சொல்லணுமாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாபநாசம் அணையில் தண்ணீர் தளும்புகிறது. மடையைத் திறக்கவில்லை. நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வயல்காரன் தண்ணீரைத் திருடிவிட்டான் என்று மனு எழுதுகிறோம். மடையை அடைத்து வைத்தவனோ, சாவியை நாலு அறைக்கு உள்ளே ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

கேமுக்கென்றே ஒரு கார்டைச் செய்து, அதைச் சொல்லியே விற்று, கேம் ஓடும்போது அதைத் தூங்க வைக்கிற புத்தி யாருடையது? யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்? ‘உங்கள் பெரிய கார்டு சும்மா இருக்கிறது, எழுப்பட்டுமா?’ என்று திரையில் ஒரு வரி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கண்ட கண்ட விளம்பரத்துக்கெல்லாம் இடம் இருக்கிறது... அந்த ஒரு வரிக்கு இடமில்லையா?

அந்த சர்வீஸ் கடைக்காரரையும் விடுவதாக இல்லை. பிற்பாடு தேடிப் படித்தேன். இந்த மாதிரி லேப்டாப்பில் கார்டை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்களாம். போகிற வழியில் பல்பைக் கழற்றுவது மாதிரி கழற்றவே முடியாதாம். தொழில் செய்கிறவருக்கு இது தெரியாதா? தெரியவில்லை என்றால் “தெரியவில்லை” என்று சொல்ல வாய் வலிக்குமா?

சரி, மற்றவர்களைத் திட்டி முடித்தாயிற்று. ரெண்டு நிமிஷம் தட்டிப் பார்த்திருக்க வேண்டியவன், பேனாவைத் திறந்தேனே... என்னை யார் திட்டுவது?

ஷமீமா எழுந்திருக்கவில்லை. “அண்ணாச்சி, லெட்டரைக் கிழிச்சிட்டீங்க. நான் நேத்தே மீரான் பொண்டாட்டிக்குப் போன் போட்டுட்டேன்.”

“என்ன சொன்னீங்க?”

“சொல்லக்கூடாததெல்லாம்.”

ஞாயிற்றுக்கிழமை ஷமீமாவும் நானும் காயல்பட்டினம் போனோம். மீரானுக்கு லீவு முடிந்து, செவ்வாய்க்கிழமை பயணம். பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடம் இருக்காது என்று ஷமீமா பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தார். ஊரே பொட்டலத்தோடு வந்து நிற்குமாம். நாங்கள் போனபோது ஒரு பை இருந்தது. அது அவர் சொந்தப் பை.

ஷமீமா நடந்ததை மறைக்காமல் சொன்னார். “தப்பு எம்மேலதான் தம்பி. மன்னிச்சிரு. நான் யாருகிட்டயெல்லாம் வாய விட்டேனோ, அவங்க எல்லார்ட்டயும் நானே போய்ச் சொல்லுதேன்.”

நான் எழுதின லெட்டரைப் பற்றி நானும் சொன்னேன். மீரான் எங்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“தெரியாமத்தான சொன்னீங்க லாத்தா. விடுங்க. நஸ்ரின் கார் இப்ப ஓடுதா?”

“ஓடுது தம்பி. வெள்ளிக்கெழம வாப்பாவ மூணு தடவ தோக்கடிச்சா.”

அவர் சிரித்தார். ஷமீமாவுக்கு உயிர் வந்தது. கமாலுக்கென்று கொண்டுபோயிருந்த பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே தம்மடைப் பலகாரம், ஊறுகாய், ஒரு சட்டை. மறுபடியும் உன்னை நம்புகிறேன் என்று அதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்?

மீரான் வாங்கிக்கொண்டார். மேஜையில் வைத்துக் கட்டை அவிழ்த்தார். தம்மடை, ஊறுகாய், சட்டை என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வரிசையாக அடுக்கினார். மனைவியைக் கூப்பிட்டு போனைக் கொடுத்தார்.

“இதுக்குப் பின்னால வந்து நில்லுங்க லாத்தா. கோவிச்சுக்காதீங்க. இனிமே யாரு தந்தாலும் போட்டோ எடுத்துட்டுத்தான் கொண்டுபோவேன்.”

ஷமீமா போய் நின்றார். அந்தப் போட்டோவில் ஓரமாக நானும் விழுந்திருக்கிறேன்... சிரிங்க என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.