பூஜை நேரத்தில் திறக்காத பூட்டு

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆயுத பூஜை நாள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கார்களுக்கான இரும்புத் தகடுகளை அழுத்தி வளைத்துக் கொடுக்கும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் நடந்தது. அங்கே நான் எலெக்ட்ரீஷியன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். வேப்பம்பட்டில் வாடகை வீடு, தினமும் ரயில். 'பொம்பளப் புள்ளைக்குக் கரண்டு வேலையா?' என்று கேட்காதவர்கள் குறைவு. பதில் சொல்லி அலுத்துப்போய் இப்போதெல்லாம் 'ஆமா' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆயுத பூஜை என்றதும் மற்றவர்களுக்குப் பொரியும் கடலையும் நினைவுக்கு வரும். எனக்குத் தண்ணீர்தான். மெஷினைக் குளிப்பாட்டுகிறோம் என்று ஆளாளுக்கு ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு பண்ணுகிற அட்டகாசம் இருக்கிறதே! 'மோட்டார் பக்கம் அடிக்காதீங்க' என்று தொண்டை வறளக் கத்துவேன். 'சரிம்மா, சரிம்மா' என்று சொல்லிக்கொண்டே அடிப்பார்கள். வருடம் முழுக்க ஒழுங்காக ஓடுகிற மோட்டார், சாமி கும்பிட்ட மறுநாள் படுத்துக்கொள்ளும். இதை நான் எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது?

அந்த வருடம் மாட்டியது பெரிய பிரஸ் மெஷின். முதலாளியின் அப்பா முதன்முதலாக வாங்கிப்போட்ட மெஷின் அது. பூஜை அதில்தான் தொடங்கும். கற்பூரம் காட்டியதும் நல்ல நேரத்துக்குள் முதலாளி தன் கையால் மெயின் சுவிட்சைப் போட்டு, பச்சை பட்டனை அழுத்தி, மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். அப்புறம்தான் மற்ற மெஷின்கள், பொரி, எல்லாம். அது ஓடாமல் போனால் வருடம் முழுக்க ஆர்டர் படுத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அந்த மெஷினின் மோட்டார், பின்பக்கத்தில் ஆள் இறங்கும் ஆழத்துப் பள்ளம் ஒன்றுக்குள் இருக்கிறது. எட்டிப் பார்த்தேன். மோட்டாருக்கு வயர் போகும் டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியே போட்டால் மோட்டார் எரிந்துவிடும். இறங்கிக் காயவைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கே பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன், எங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி, பாதுகாப்புப் பயிற்சி எடுத்தால்தான் இனி ஆர்டர் என்று சொல்லிவிட்டது. பயிற்சியாளர் ஒருவர் வந்து எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்தார். மெஷினில் வேலை செய்யப் போகிறவர் மெயினை அணைத்து, அதில் தன் சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். தன் படம் ஒட்டிய அட்டையையும் அதில் தொங்கவிட வேண்டும். சாவி ஒன்றே ஒன்று. அது அவர் பாக்கெட்டில். பூட்டியவர்தான் திறக்க வேண்டும், முதலாளியே ஆனாலும் இன்னொருவர் தொடக்கூடாது. இவ்வளவுதான் பாடம்.

வகுப்பைப் படாதபாடு படுத்தியவர், அந்தப் பெரிய பிரஸ்ஸை ஓட்டும் ஆபரேட்டர் அண்ணன். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வாய் சும்மா இருக்காது. "இன்னா சார், பூட்டப் பாத்தா கரண்டு பயந்துகினு திரும்பிப் போய்டுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பயிற்சியாளரும் பாவம், சிரித்துவைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அண்ணன் கடைசி பெஞ்சில் நன்றாகத் தூங்கினார்.

பூஜையன்று நான் முறைப்படி மெயினை அணைத்தேன், பூட்டினேன், அட்டையை மாட்டினேன், சாவியைப் பாக்கெட்டில் போட்டேன். சூப்பர்வைசரிடமும் சொன்னேன். அவர் 'சீக்கிரம் முடிம்மா' என்று சொல்லிவிட்டு, மாலை வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மெஷினுக்குப் பின்னால் அழுக்குச் சுவர் தெரியக்கூடாது என்று ஜமுக்காளம் கட்டி மறைத்திருந்தார்கள். நான் அதற்குப் பின்னால் போய்ப் பள்ளத்தில் இறங்கினேன். பள்ளத்தை ஒட்டி வைத்திருந்த ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு காதைப் பிளந்துகொண்டிருந்தது. டப்பாவின் மூடியைக் கழற்றி, வயர் முனைகளைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். நேரம் போனது தெரியவில்லை.

மேலே நடந்ததைப் பிற்பாடு பேக்கிங் பிரிவு அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஐயர் வந்துவிட்டார். முதலாளி குடும்பத்தோடு வந்துவிட்டார். ராகு காலம் நெருங்குகிறது என்று ஐயர் அவசரப்படுத்தினார். மாலை வாங்கப் போன சூப்பர்வைசர் இன்னும் திரும்பவில்லை. மெயின் பக்கம் போனால் பூட்டு தொங்குகிறது. யாரோ பக்திமான் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்திருந்தார். முதலாளியின் மச்சான்தான் உற்பத்தியைப் பார்த்துக்கொள்பவர். அவர் "அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்டிருக்கிறார்.

பூஜைக்காக எங்கள் பெண்கள் எல்லோரும் மாடி அறையில் யூனிஃபார்மை மாற்றிப் புடவை கட்டிக்கொள்வது வழக்கம். அதனால் பேக்கிங் அக்காவே சொல்லியிருக்கிறார், "புடவ கட்டப் போயிருக்கும் சார்" என்று. என் போனுக்கு அடித்திருக்கிறார்கள். போன் என் பையில், பை மாடியில். மெயினுக்குப் பக்கத்திலிருக்கும் மாடிப்படி வழியாக மணி அடிப்பது கீழேவரை கேட்டதாம். அவ்வளவுதான், நான் மேலேதான் இருக்கிறேன் என்று எல்லோருக்கும் முடிவாகிவிட்டது. வேலையை முடித்துவிட்டுப் பூட்டைத் திறக்க மறந்துபோனேன் என்று பேசிக்கொண்டார்கள். மச்சான் போய் இரும்பு வெட்டும் கட்டரை எடுத்துவந்தார். அதுவும் என் அலமாரியில் இருந்துதான்.

கட்டரின் வாயைப் பூட்டில் வைத்தபோது ஆபரேட்டர் அண்ணன் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாராம்.

"பூட்டு தொங்கினுகீதுன்னா ஆளு உள்ள கீதுன்னுதான் சார் கணக்கு. அந்தப் பொண்ணு வந்து தொறக்கட்டும்."

"அது மேல இருக்குய்யா! போன் அடிக்கறது கேக்கல உனக்கு?"

"கேக்குது சார். வரட்டும்."

வகுப்பில் தூங்கியவர் பேசுகிற பேச்சா இது என்று எல்லோருக்கும் எரிச்சல். முதலாளி அதட்டினார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் கட்டரை விடாமல், மெயினில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அவர் கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை இருக்கும். கூட்டத்திலிருந்து யாரோ, "அவனுக்கு இன்னா, அவன் சாமியா?" என்று சொன்னது எல்லோர் காதிலும் விழுந்ததாம். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. ஆனாலும் நகரவில்லை.

"மொதல்ல அந்தப் பாட்ட நிறுத்துங்க. ஒரு தபா கூப்ட்டுப் பாப்போம். இல்லாங்காட்டி மேல யாரயாச்சும் அனுப்புங்க. அது சாவியோட வந்து தொறந்தா நான் ஏன் மறிக்கப்போறேன்?"

பாட்டை நிறுத்தினார்கள்.

பள்ளத்துக்குள் எனக்கு அந்த அமைதிதான் முதலில் தெரிந்தது. என் இரண்டு கைகளிலும் மோட்டாருக்குக் கரண்டு வரும் வயர் முனைகள். "யாருங்க பாட்ட நிறுத்துனது? பூஜ முடிஞ்சிருச்சா?" என்று கத்தினேன்.

என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஏறி, ஜமுக்காளத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தட்டோடு ஐயர், குடும்பத்தோடு முதலாளி, ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்தபடி மச்சானும் ஆபரேட்டர் அண்ணனும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மச்சானின் கை கட்டரை விட்டுவிட்டது. பேக்கிங் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, "நான்தானே சொன்னேன், நான்தானே மேல இருக்கும்னு சொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். முதலாளி மட்டும் மெல்லிய குரலில், "நீ அங்கயாம்மா இருந்த?" என்று கேட்டார்.

நான் பூட்டைப் பார்த்தேன். அதன் வளையத்தில் கட்டரின் பல் பதிந்த தடம் இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் அறுந்திருக்கும். மெயினைப் போட்டு, பச்சை பட்டனை அழுத்தியிருப்பார்கள். மேளதாளத்தோடு போயிருப்பேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்போது எனக்கு எதுவும் ஆகவில்லை. "இன்னும் காயல சார், வேலை பாக்கி இருக்கு" என்றுதான் சொன்னேன். முதலாளி ஐயரிடம், "ஓடாத மெஷினுக்கே கற்பூரம் காட்டுங்க. நாளைக்கு விஜயதசமி, நாளைக்கு ஓட்டிக்கலாம்" என்றார். எல்லோருக்கும் கொடுத்த அதே பொரிப் பையை ஆபரேட்டர் அண்ணனுக்கும் கொடுத்தார்கள். கூடுதலாக ஒரு வாழைப்பழம்கூட இல்லை. மாலையில் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தேன். வேப்பம்பட்டு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கடைசி ஸ்டேஷனில் பக்கத்தில் இருந்த அம்மா, "எறங்கலையாம்மா?" என்று கேட்டார்.

மறுநாள் மெஷின் நன்றாகவே ஓடியது. டீ நேரத்தில் நான் ஆபரேட்டர் அண்ணனைத் தேடிப் போனேன். நன்றி சொல்ல வாயெடுத்ததுமே கையைக் காட்டித் தடுத்தார்.

"டேங்க்ஸெல்லாம் வோணாம்மா. மெய்யாலுமே சொல்றேன், நீ உள்ள கீறன்னு எனக்குத் தெரியாது. நானும் நீ மேல புடவ கட்டினுகீறன்னுதான் நெனச்சேன்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்பறம் எதுக்குண்ணே அவ்வளவு திட்டு வாங்கிக்கிட்டு நின்னீங்க?" என்று கேட்டேன்.

"பூட்டு உன்னுது, சாவி உங்கைல. அடுத்தவங்க ஊட்டுப் பூட்டா இருந்தா ஒடைப்பமா? திட்னதுகூடப் பரவால்லம்மா. அவன் சாமியான்னு ஒர்த்தன் கேட்டான் பாரு, அதான் தாங்கல. வருசா வருசம் வாழமரம் தூக்கினு வர்றது யாரு? அந்த நாதாரியா தூக்கினு வர்றான்? நானு!" என்று சொல்லி, டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

நான் உள்ளே இருப்பது தெரிந்து அவர் தடுத்திருந்தால், ஒரு நல்ல மனிதர் காப்பாற்றினார் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு என் பிழைப்பைப் பார்த்திருப்பேன். நான் அங்கே இல்லை என்று நம்பிக்கொண்டே அல்லவா அவர் தடுத்தார்! இன்று எந்த மெயினில் யாருடைய பூட்டு தொங்கினாலும், அதற்கு அந்தப் பக்கம் ஒருவருமில்லை என்று எனக்கு எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், சாவிக்குரியவர் வந்து திறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறேன்.