இருளாயி அழாத சாவு

மனசில்லாமல் வேலை செய்கிறவனைப் பார்த்து, "கூலிக்கு மாரடிக்கிறான்" என்று திட்டுவோம். எங்கள் ஊர் இருளாயி நிஜமாகவே கூலிக்கு மாரடித்தவள். ஆனால் மனசில்லாமல் ஒருநாளும் அடித்ததில்லை. குன்றாண்டார்கோவிலைச் சுற்றி எந்த ஊரில் சாவு விழுந்தாலும் அவளைக் கூப்பிட ஆள் வரும். அவள் ஒப்பாரி எடுத்தால், செத்தவரோடு பத்து வருஷமாகப் பேசாத பங்காளிகூடத் துண்டை வாயில் திணித்துக்கொண்டு விம்முவான். கூலி நாலு படி நெல். புருஷனை இழந்தவள், அந்த நெல்லில்தான் ஒரே மகள் அழகியை வளர்த்தாள்.

1936ஆம் வருஷம், ஒரே ஆடி மாதத்தில் மூன்று பிரசவச் சாவுகளுக்குப் போனாள். மூன்றும் இருபது வயது தாண்டாத பெண்கள். மூன்றாவது வீட்டில் கொடுத்த நெல்லை வாங்காமல், மறுநாளே நடந்து புதுக்கோட்டைக்குப் போய் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். "செத்தபொறவு அழுது என்னங்க ஆகப்போகுது? சாகாம இருக்க என்ன செய்யணும்? அதச் சொல்லிக் குடுங்க" என்று நர்ஸ் ஆரோக்கியம்மாளிடம் கேட்டாளாம்.

ஒன்றரை வருஷம் அங்கே ஆயாவாகத் தரை துடைத்தாள். துடைத்துக்கொண்டே கற்றாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, கத்தரிக்கோலைக் கொதிக்க வைப்பது, பிள்ளை குறுக்கே கிடக்கிறதா என்று வயிற்றைத் தொட்டே அறிவது, நம்மால் ஆகாது என்றால் உடனே வண்டி கட்டி அனுப்புவது. எல்லாம் கற்று ஊருக்கு வந்தாள்.

வந்தால் யார் கூப்பிடுவது? ஒப்பாரி வைத்த வாய் பிள்ளை பிறக்கும் வீட்டுக்குள் வரலாமா? ஆறு மாதம் புல்லறுத்து விற்றுப் பிழைத்தாள். என் அம்மா முத்துமாரியம்மாள் இரண்டு நாளாக வலியில் துடித்தபோதுதான், வேறு வழியில்லாமல் அவளுக்கு ஆள் அனுப்பினார்கள். அப்போதும் என் அப்பா ரெங்கராஜ் வாசலை மறித்து நின்றார்.

"இனிமே எந்தச் சாவுக்கும் ஒப்பாரி வைக்கமாட்டேன்னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு. பொறவு உள்ள போ."

உள்ளே பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இவருக்குச் சத்தியம் வேண்டியிருக்கிறது! நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். இருளாயி எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்தாள். வெந்த கையையே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அந்தக் கையில்தான் நான் விழுந்தேன்.

அதன்பிறகு அவள் காட்டில் மழை. கீரனூரிலிருந்துகூட வண்டி வந்தது. எட்டொன்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளை எடுத்தாள். ஒரு தாயையும் சாகவிடவில்லை. கூரை வீடு ஓட்டு வீடாயிற்று. அழகியை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தாள்.

1947 மாசியில் அழகிக்கு விஷக்காய்ச்சல். மூன்றே நாளில் போய்விட்டாள். வயது இருபத்தொன்று.

மகளின் தலைமாட்டில் இருளாயி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் காத்திருந்தார்கள். பெற்றவள் இருக்கும்போது மற்றவர்கள் எப்படி முதலில் ஒப்பாரி எடுப்பது? அவள் கண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஊருக்கெல்லாம் அழுதவ, பெத்த மகளுக்கு வாயத் தொறக்க மாட்டேங்கிறாளே" என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

அப்பா எழுந்து வந்தார். "சத்தியம் வாங்குனவன் நாந்தான். விட்டுட்டேன். அழுதுரு அக்கா." அன்றுதான் அவளை முதல்முறையாக அக்கா என்றார்.

"நீங்க விட்டுருவீங்க தம்பி. அடுத்த தெருவுல சந்தனத்துக்கு ஒம்பது மாசம். அவ மாமியா இந்தா ஒக்காந்திருக்கு. நான் இப்ப ஒப்பாரி வச்சா, நாளைக்கு என்னைய வீட்டுக்குள்ள விடுமா?"

சந்தனத்தின் மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள்.

என் அம்மா நகர்ந்துபோய் இருளாயியைக் கட்டிக்கொண்டாள். அம்மா அதுவரை எந்தச் சாவிலும் ஒப்பாரி எடுத்ததில்லை. தன் தங்கை செத்தபோது இருளாயி பாடியதையே கட்டைக் குரலில் எடுத்தாள்.

"வெள்ளாத்து மணலெடுத்து வெளக்கிவச்ச செப்புக்கொடம்..."

அடுத்த அடி வரவில்லை. அம்மா திணறினாள். இருளாயி அதைப் பாடாமல், வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோல் வெறுங்குரலில் சொன்னாள்.

"வெளக்குன கை காயுமுன்னே வெடிச்சுப் போனதென்ன."

அம்மா அதைப் பாடினாள். பெண்கள் கதறினார்கள். அப்படியே ஒவ்வோர் அடியாக அவள் எடுத்துக்கொடுக்க, அம்மா பாடிக்கொண்டே போனாள். பாடை கட்டி முடித்துத் தூக்க ஆட்கள் உள்ளே வந்தபோது, இருளாயி யார் வீட்டிலும் பாடியிராத ஒன்றைச் சொன்னாள்.

"எத்தனையோ புள்ளைகளை ஏந்தி எடுத்த கை, எம்மகளைப் போகவிட்டு ஏமாந்து நின்னதென்ன."

அதை மட்டும் அம்மாவால் பாட முடியவில்லை.

பதினெட்டாம் நாள் சந்தனத்துக்கு வலி கண்டது. மாமியாரே வந்து கூப்பிட்டாள். இருளாயி போனாள். பிறந்தது பெண், முதலில் சத்தமே இல்லை. காலைப் பிடித்துத் தூக்கி முதுகில் தட்டினாள். குழந்தை வீறிட்டது.

"அழு ஆத்தா. நல்லாச் சத்தமா அழு" என்றாளாம் இருளாயி.