அம்மா காத்திருக்கும் தீர்ப்பு

கடந்த ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை மாலை, மதுரையிலிருந்து சிவகாசி செல்லும் பேருந்தில் நடந்தது இது.

மதுரையில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். வார இறுதியில் ஊருக்குப் போனாலும் வீட்டில் அம்மா இருப்பதில்லை. பட்டாசு ஆலையில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தவர் அவர். காற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்த பிறகு, திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார். தடை நீங்கினால் வீடு திரும்பிவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. மழை வருமா என்று விசாரிப்பதைப்போல, எங்கள் தெருவில் வழக்கைப் பற்றி விசாரித்துக்கொள்வார்கள்.

அன்றும் அம்மா அழைத்தார். “கேசு என்னாச்சு தாயி? சரவெடிக்கு விட்ருவாகளா?”

“ஒண்ணும் தெரியலம்மா” என்று வைத்துவிட்டேன். கைப்பேசிக்கு வெளியே கேட்ட அம்மாவின் குரலையும் என் கண் கலங்கியதையும் பக்கத்து இருக்கைப் பெண் கவனித்திருக்க வேண்டும். கறுப்பு அங்கியை மடித்து வைத்திருந்த வழக்கறிஞர். மடியில் அவருடைய சிறு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா சரவெடி பின்னுறவுகளாம்மா?”

ஆமாம் என்றேன். பிறகு, வழக்கமாக அந்நியரிடம் பேசாத நான் கேட்டே விட்டேன்: “வாழும் உரிமைன்னு சொல்லித்தானக்கா தடை போட்டாக? எங்கம்மாவுக்கு அது கிடையாதா?”

அவர் பொறுமையாக விளக்கினார். சட்டப்படியான நடைமுறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பதே அரசியலமைப்புச் சட்டம் சொல்வது. அந்த வரியில் காற்றும் இல்லை, வேலையும் இல்லை. வாழ்வது என்றால் என்ன என்று நீதிமன்றங்கள் கேட்டுக் கேட்டுத்தான் அதன் பொருளை விரித்தன. பிழைப்பைப் பறித்தால் வாழ்வையே பறித்ததாகும் என்றன. தூய காற்றும் வாழ்வின் பகுதி என்றன. இரண்டும் மோதும்போது எதையும் தூக்கி எறியாமல், எது எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பார்க்கின்றன.

பேச்சினிடையே குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். பையிலிருந்த இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினார்.

“தீவாளி வந்தா இவளத் தூக்கிக்கிட்டு ஊரவிட்டு ஓடிருவேன். எங்கிட்ட வர்ற கட்சிக்காரக பூராம் பட்டாசு ஆளுக. வீட்டுக்குள்ள நானே வாதி, நானே பிரதிவாதி!” என்று சிரித்தார்.

“அப்ப, எங்கம்மா வருவாகளா?”

சிரிப்பு நின்றது. “கோர்ட்டு, தான் சொன்னதத் தானே திரும்பப் பாக்கும்மா. வழி அடைச்சுப் போகல. ஆனா எப்பன்னு எங்கிட்டக் கேக்காத. பொய் சொல்ல மாட்டேன்.”

விருதுநகரில் இறங்கிப் போனார். நான் அம்மாவை அழைத்து, கேட்டதையும் பார்த்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன்.

“அந்தப் பிள்ளைக்கு இப்பம் மூச்சு சரியாயிருச்சா தாயி?” என்றார் அம்மா.

தீர்ப்பு மாறி அவர் வீடு வந்து சேர வேண்டும் என்று இன்றும் தினமும் ஏங்குகிறேன். ஆனால் அந்தக் குழந்தையை நினைக்காமல் அப்படி ஏங்க என்னால் இப்போது முடிவதில்லை.