பதினொரு வண்டி

பெட்ரோல் பம்பில் நிற்கிற பெண்ணுக்குக் காது இருக்கலாம், வாய் இருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ரத்னமாலா லோஹார் இதைக் கற்றுக்கொண்டாள். மகாராஷ்டிரத்தில், கராடிலிருந்து தெற்கே போகும் சாலையில், தேவ்கடே கிராமத்தைத் தாண்டியதும், ஒரு பக்கம் கரும்புக் காடும் மறுபக்கம் சர்க்கரை ஆலையின் புகைபோக்கியுமாக இருக்கும் இடத்தில் அந்தப் பம்பு இருந்தது. அங்கே அவள் பன்னிரண்டு வருஷம் நின்றாள். முகத்தைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நிற்பாள். மீட்டரில் பூஜ்யத்தைக் காட்டுவாள், ஊற்றுவாள், மூடியைத் திருகிக் கொடுப்பாள். சில்லறை கொடுக்கும்போது விரலைத் தொட்டுப் பார்க்கிறவர்களையும் தெரியாதது போல அனுப்பிவைப்பாள்.

அவள் புருஷன் பபன் பால்காரன். விடிவதற்குள் பதினாலு வீட்டில் பால் கறந்து வாங்கி, மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன்களைத் தொங்கவிட்டு, டவுனில் இருக்கும் டீக்கடைகளுக்குக் கொண்டுபோவான். பால் கணக்கை ரத்னமாலாதான் எழுதுவாள். வண்டிக்கு இருபத்தெட்டு வயது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி மாமியார் சாகும்வரை பேசினாள், பபன் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருப்பதை அன்பு என்று ரத்னமாலா எடுத்துக்கொண்டிருந்தாள்.

பெட்ரோலில் எத்தனால் என்ற கரும்புச் சாராயத்தைக் கலப்பது நூற்றுக்குப் பத்துப் பங்காக இருந்தவரை ஊரில் யாரும் கண்டுகொள்ளவில்லை. இருபது பங்காக ஆன பிறகுதான் பேச்சு கிளம்பியது. புது வண்டிக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை, மைலேஜ் கொஞ்சம் குறைந்தது என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். பழைய வண்டி வைத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ரப்பர் குழாய் ஊறிப்போய், பிறகு காய்ந்து வெடித்தது. கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. டேங்குக்குள் துரு. நாலு நாள் நிறுத்திவைத்த வண்டி ஐந்தாம் நாள் உதைத்தால் கிளம்பாது. மெக்கானிக் எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னான்: சாராயம் குடிக்கிற வண்டி ஆடத்தானே செய்யும்.

கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? கலக்கச் சொன்னவர்கள் டில்லியில் இருந்தார்கள். எத்தனாலைக் காய்ச்சிய ஆலையோ ஊர்க்காரர்களுடைய ஆலை, அதில் பிழிந்தது அவர்களே வெட்டிக் கொடுத்த கரும்பு. எத்தனால் பிரிவைப் பெரிதாக்கியபோது, இனி கரும்புக்கு நல்ல விலை வரும் என்று ஆலைத் தலைவருக்கு ஆளுயர மாலை போட்டதே உத்தம் நலவடேதான். ஆறு ஏக்கர் கரும்பும், பஞ்சாயத்தில் ஒரு நாற்காலியும், எப்போதும் பின்னால் நாலு பேரும் வைத்திருந்தவன். அதே நலவடே தன் அப்பா காலத்துப் புல்லட்டைப் பம்பில் நிறுத்திவிட்டு ரத்னமாலாவைப் பார்த்து, "ஏ பம்புக்காரி, சாராயக்கடை போடணும்னா ஊறுகாயும் சேர்த்து வைக்கணும்டி" என்பான். நாலு பேரும் சிரிப்பார்கள். தினமும் யாராவது ஒருவர் இப்படி ஏதாவது சொல்வார்கள். கண் மட்டும் தெரிகிற முகத்தைத் திட்டுவது சுலபம். அவள் பூஜ்யத்தைக் காட்டுவாள்.

ஜூலைக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியதில் பம்பு முற்றம் முழங்கால் அளவு நீரில் நின்றது. நிலத்தடி டேங்கின் மூடிக்குப் போட்டிருந்த ரப்பர் வளையம் நைந்து போயிருப்பதை மேனேஜர் ஷிரோல்கரிடம் ரத்னமாலா மே மாதமே சொல்லியிருந்தாள். முதலாளியிடம் சொல்வதாக அவர் சொல்லியிருந்தார்.

நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு, வழக்கம் போல, அவள் கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்துப் பார்த்தாள். சாதாரணப் பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் அடியில் தனியாகக் கிடக்கும், எடுத்துவிடலாம். எத்தனால் அப்படியில்லை. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே வரும், அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடிக்குப் போய்விடும். பம்பு உறிஞ்சுவது அந்த அடியைத்தான். ஜாடியில் இரண்டு அடுக்கு தெரிந்தது. கீழே அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கல், மேலே லேசான மஞ்சள்.

ஷிரோல்கரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு செடிப் பக்கம் ஊற்றினார்.

"மதியம் லாரி வந்துரும் மாலா. புதுசு சேர்ந்தா சரியாயிடும். அதுவரைக்கும் ஓட்டு."

"வண்டி நின்னுபோகும் சார்."

"நின்னா மழைன்னு நெனைச்சுக்குவாங்க. பதிவேட்டுல தண்ணி இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

அவள் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். போய் நின்று ஊற்றினாள். மூன்று வண்டி, நாலு வண்டி. ஏழு மணிக்குப் பபன் வந்தான். மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டியிருந்தான், கேன்கள் நிறைந்திருந்தன. டேங்க் மூடியைத் திறந்துவிட்டு அவளைப் பார்த்தான். ஷிரோல்கர் அவளுக்குப் பின்னால், கூரைக்கு அடியில், கையில் டீயோடு நின்றார். பெட்ரோல் தீர்ந்துபோச்சு என்று சொல்லலாம், கண்ணைக் காட்டலாம், ஒரு லிட்டரோடு நிறுத்திவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு லிட்டர் ஊற்றினாள்.

எட்டரைக்குள் சாலை முழுவதும் வண்டிகள் நின்றுவிட்டன. சில அரைக் கிலோமீட்டர் போயிருந்தன, சில கரும்பு லாரிகள் திரும்பும் வளைவு வரை. நின்றவை எல்லாம் பழைய வண்டிகள் மட்டுமல்ல, இருந்தாலும் பழையவைதான் அதிகம். அவை முதலில் இருமின, பிறகு உயிரை விட்டன. யாரோ ஒருவன் குழாயைப் பிடுங்கிப் பாட்டிலில் பிடித்தான், பாதி பாட்டில் கலங்கல். அதோடு பம்புக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. ஷிரோல்கர் ஆபீஸ் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். இன்னொரு குழாயில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் பின்பக்கச் சுவரேறி ஓடிவிட்டான். ரத்னமாலா ஓடவில்லை. அவள் தைரியசாலி என்பதால் இல்லை. எங்கே ஓடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நலவடே எதிரில் வந்துவிட்டான்.

அவன் பாட்டிலை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக் குடி என்றான். கூட்டத்தில் ஒருவர், வேண்டாம் செத்துகித்து வைப்பா, கேஸாகும் என்றார். நலவடே கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னான்:

"ஊத்துனது நீதானே? அப்ப தள்ளுறதும் நீதான். ஒவ்வொரு வண்டியா தள்ளிட்டு வந்து இங்க நிறுத்து."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அவள் முதல் வண்டியிடம் நடந்தாள். ஹேண்டிலைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி வண்டிக்காரன் ஏறி உட்கார்ந்துகொண்டான். அவள் பின்னாலிருந்து தள்ளினாள். இரண்டாவது வண்டிக்காரனும் உட்கார்ந்தான். மூன்றாவதில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், அதற்கு நல்ல சிரிப்பு கிடைத்தது. போன்கள் வெளியே வந்தன. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு படம் எடுத்தாள். மழையில் முகத்துணி மூக்கில் ஒட்டி மூச்சு முட்டியது, அதை அவிழ்த்தால் முகம் தெரியும் என்று ரத்னமாலா அவிழ்க்கவில்லை. ஆறாவது வண்டியில் செருப்பு அறுந்தது. தொடையில் தசை துள்ளியது. யாராவது ஒரு ஆள் வந்து கை வைத்தால் போதும், மற்றவர்களும் வைப்பார்கள் என்று அவள் ஒவ்வொரு வண்டிக்கும் நினைத்தாள்.

எட்டாவது பபனுடைய வண்டி. வளைவில், புளியமரத்தடியில் நின்றிருந்தது. கேன்கள் அப்படியே தொங்கின, பால் திரிந்த வாசனை வர ஆரம்பித்திருந்தது. அவனைப் பார்த்ததும் ரத்னமாலாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது, இதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

கூடவே நடந்துவந்த நலவடே, "என்னடா பபன், இது உன் பொண்டாட்டி இல்ல?" என்று கேட்டான்.

பபன் அவளைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். ஏறி உட்கார்ந்தான்.

"வீட்லதான் பொண்டாட்டி. இங்க பம்புக்காரி."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் கேரியரில் கை வைத்தாள். கேன்களோடு அந்த வண்டிதான் எல்லாவற்றிலும் கனம்.

பத்து மணிக்கு ஏட்டு ஒருவர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். இன்னும் எத்தனை பாக்கி என்றார். ஒன்று என்றார்கள். "சரி, அதையும் தள்ளி முடிச்சிரும்மா, கூட்டம் கலையட்டும்" என்று சொல்லிவிட்டுக் கூரைக்கு அடியில் போய் நின்றுகொண்டார். ஆபீஸ் கதவு அப்போதுதான் திறந்தது. ஷிரோல்கர் ஏட்டுக்கு நாற்காலி போட்டார். மொத்தம் பதினொரு வண்டி.

சாயங்காலம் வீட்டில் அவள் அடுப்பு பற்றவைத்துப் பாக்ரி ரொட்டி தட்டினாள். பபன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மெக்கானிக் இஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியிருந்தான். கார்புரேட்டர் முன்பே அரித்துப் போயிருக்கிறது, இன்றைக்கு இஞ்சினும் போய்விட்டது, இனி எடைக்குத்தான் போடலாம்.

"உனக்குத் தெரியுமா?" என்று பபன் கேட்டான்.

"காலையிலயே தெரியும்."

"எனக்கு ஊத்தும்போதும்?"

"ஷிரோல்கர் பின்னாடியே நின்னாருங்க."

"நான் முன்னாடி நின்னேனே."

அவள் பாக்ரியை அவன் தட்டில் வைத்தாள். அவன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் புளியமரத்தடியைப் பற்றிப் பேச்செடுக்கலாம் என்று நினைத்தாள். தான் செய்தது முதலில் வந்ததால், அவன் செய்ததைக் கேட்கத் தனக்கு வாய் கிடையாது என்று தோன்றி விட்டுவிட்டாள்.

மூன்று நாள் கழித்து எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். ரத்னமாலா நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஜாடி, கலங்கல், செடி, மதிய லாரி. ஷிரோல்கர் குறுக்கே பேசவே இல்லை. அவள் முடித்ததும் பதிவேட்டைத் திறந்து வைத்தார். தண்ணீர் இல்லை என்று அவள் கையெழுத்தில் இருந்தது. அதிகாரி இன்னொரு காகிதத்தை எடுத்துப் படித்தார். தண்ணீர் கலந்திருப்பது தெரிந்தும் மேனேஜரிடம் சொல்லாமல் ஊற்றியதாக என் மனைவி வீட்டில் என்னிடம் ஒப்புக்கொண்டாள் என்று அதில் எழுதியிருந்தது. ரத்னமாலா காகிதத்தைப் பார்க்கக் கேட்டாள். பபன் கையெழுத்துப் போடுவது வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான், ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவது போலத் தனித்தனியாக வரைவான். அப்படித்தான் வரைந்திருந்தது.

"மேனேஜர்கிட்ட சொல்லாமன்னு நான் சொல்லலை சார்" என்றாள்.

"எழுத்துல வேற ஏதாவது இருக்காம்மா?" என்றார் அதிகாரி, கடுமையாக இல்லாமல்.

ஒன்றும் இல்லை. பம்பு நாலு நாள் மூடிக் கிடந்து, டேங்கைக் கழுவி, மூடிக்குப் புது வளையம் போட்டுத் திறந்தார்கள். அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதே வாரம் பபனுக்கு ஒரு வண்டி வந்தது. பம்பு முதலாளி வீட்டில் சும்மா நின்ற வண்டி, நாலு வருஷம்தான் ஓடியது, இந்தப் பெட்ரோலைக் குடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஷிரோல்கரே கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, ஒரு டப்பா பால்பேடாவும் கொடுத்துவிட்டுப் போனார். பபன் கேன் கொக்கிகளைப் பழைய வண்டியிலிருந்து கழற்றி மாட்டினான். அவளுக்கு ஒரு பேடா எடுத்து நீட்டினான். அவள் வாங்கித் தின்றாள். கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் வீடு போகும், நாற்பத்திரண்டு வயதில் எங்கே போவது என்று கணக்குப் போட்டுத் தின்றாள்.

பக்கத்துப் பம்புகள் எதுவும் அவளைச் சேர்க்கவில்லை. கடைசியில் சாங்லியில் ஒரு மஞ்சள் கிடங்கில் வேலை கிடைத்தது. தரையில் உட்கார்ந்து விரலி மஞ்சளையும் குண்டு மஞ்சளையும் பிரிக்க வேண்டும். இருபது பெண்கள். கை, நகம், தின்கிற சோறு எல்லாம் மஞ்சள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது.

தீபாவளிக்கு முந்திய வாரம், மதியச் சாப்பாட்டு வேளையில், அருணா என்ற பெண் போனை நீட்டி, இதைப் பாருங்களேன் என்று எல்லோரையும் கூப்பிட்டாள். மழையில் ஒருத்தி மோட்டார் சைக்கிள் தள்ளுகிறாள். முகம் முழுவதும் துணி. யாரோ அதற்கு ஒரு கல்யாண பேண்டு இசையைச் சேர்த்திருந்தார்கள். பெண்கள் சிரித்தார்கள். ஒரு கிழவி மட்டும், இவ புருஷன் எங்கடி போனான் என்றாள்.

ரத்னமாலா அதுவரை அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஊரில் எல்லோரிடமும் இருந்தது, அவளிடம் காட்ட யாருக்கும் மனம் வரவில்லை, அல்லது தேவைப்படவில்லை. புளியமரம் வந்தது. கேன்கள் வந்தன. பின்னாலிருந்து தள்ளியவளுக்கு அன்றைக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு வெட்கத்தில் கூனியிருப்பதாகவும், கூட்டத்துக்குப் பயந்துதான் அப்படிப் பேசினான் என்றும் மூன்று மாதமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். படம் எடுத்தவர் முன்பக்கமிருந்து எடுத்திருந்தார். பபன் சிரித்துக்கொண்டிருந்தான். பயந்தவன் அசட்டுத்தனமாகச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. கல்யாண ஊர்வலத்தில் குதிரை மேல் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு கையைத் தூக்கி யாருக்கோ ஆட்டவும் செய்தான்.

"இன்னொரு தடவை போடு" என்றாள் ரத்னமாலா.

அருணா போட்டாள். முடிந்ததும் ரத்னமாலா சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை மஞ்சள் பிரித்தாள். பஸ் நிலையத்தில், அவள் தினமும் வீட்டுக்குப் போகிற கராட் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் மிரஜ் பஸ்ஸில் ஏறினாள். மிரஜில் அவள் தங்கை இருந்தாள், ஒரே அறை வீடு, மூன்று பிள்ளைகள், இரண்டு நாளைக்கு மேல் யாரையும் தாங்காத புருஷன். தங்கை கதவைத் திறந்து, கையில் பை கூட இல்லாமல் நிற்பவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தனை நாளைக்குக்கா?" என்று கேட்டாள்.

"ரூம் கிடைக்கிற வரைக்கும்" என்றாள் ரத்னமாலா.

ஒன்பது நாளில் கிடைத்தது. பபன் ஒரே ஒரு முறை அங்கே வந்து, வாசலில் வண்டியின் இஞ்சினை அணைக்காமலே, பால் கணக்கு எழுத ஆள் இல்லை என்றான். அவள் உள்ளேயிருந்து வரவில்லை. கொஞ்ச நேரம் இஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அவன் போய்விட்டான்.