கரையாத கட்டியும் பக்கத்து வீட்டு வெல்லமும்

அம்மன் பக்கத்து வீட்டுக்காரிக்குச் செய்ததை நமக்குச் செய்யாமல் விட்டால் வயிறு எப்படி எரியும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். 2006 ஆடியில் நான் பட்டேன். அம்மனை நம்புகிற உங்களிடம் அதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எங்களுக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். கணவருக்கு ஓசூரில் லேத் வேலை கிடைத்ததால் மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். மகள் கௌசல்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. வலது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், அவளுக்கு ஒரு கட்டி. தொட்டால் கல் மாதிரி இருக்கும், அசையாது. எண்ணெய் தேய்க்கும்போது மணிக்கட்டிலும் தோளிலும் இன்னும் சிறிதாகத் தட்டுப்பட்டன. அவளுக்கு வலி இல்லை. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. புற்று என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயம்.

அதே சமயம் பக்கத்து வீட்டு ரத்னம்மாவின் மகள் பவித்ராவுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. ரத்னம்மா ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரி. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். மாரியம்மன் கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் உடம்பில் இருக்கிற கட்டியும் கரையும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்களுக்கும் அதே நம்பிக்கைதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓசூர் மாரியம்மன் கோயிலுக்கு ஒரே வெள்ளிக்கிழமை போனோம். அவள் ஒரு சின்ன அச்சு வெல்லம் கரைத்தாள். நான் நல்ல உருண்டை வெல்லமாகப் பார்த்து வாங்கிப் போயிருந்தேன். ஆடி முடிவதற்குள் பவித்ராவின் கழுத்து வழவழவென்று ஆகிவிட்டது. என் மகளின் கட்டி அப்படியே இருந்தது.

ரத்னம்மா தெருவுக்கே பொங்கல் கொடுத்தாள். வாங்கி வைத்தேன், சாப்பிடவில்லை. பவித்ரா இரட்டைச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவதைப் பார்த்தாலே எனக்கு எரியும். நான் என்ன குறை வைத்தேன்? விரதம் இருந்தவள் நான். செருப்பில்லாமல் நடந்து போனவள் நான். அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். சன்னதியில் நின்றே கேட்டுவிட்டேன், “அவளுக்கு மட்டுந்தான் நீ அம்மாவா?”

அதற்கப்புறம் வீம்பு. வெள்ளிதோறும் இன்னும் பெரிய வெல்லமாகக் கரைத்தேன். டாக்டரிடம் காட்டலாம் என்றார் கணவர். வேண்டுதல் நடக்கும்போது ஊசி, கத்தி என்று போனால் அம்மனை நம்பவில்லை என்று ஆகிவிடும், ரத்னம்மா போனாளா என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

கார்த்திகை வாக்கில் கௌசல்யா அடிக்கடி ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். தொலைத்துவிட்டு வருகிறாள் என்று திட்டினேன். ஒரு சாயங்காலம் குழாயடியில் ரத்னம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, பாப்பா தொலைக்கல. செருப்பு கழண்டு விழுது, அதுக்குத் தெரியவே மாட்டேங்குது. பாதத்த இழுத்து இழுத்து நடக்குது. வெல்லம் அப்புறம் கரைச்சுக்கலாம், மொதல்ல பெங்களூர்ல காட்டுங்க.”

பெற்ற எனக்குத் தெரியாதது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அதற்கும் எரிந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்ததும் கௌசல்யாவைக் கட்டிலில் உட்காரவைத்துப் பாதத்தைத் தூக்கச் சொன்னேன். இடது பாதம் எழும்பியது. வலது பாதம் தொங்கியது.

“தூக்குறேம்மா, வர மாட்டேங்குது” என்றாள்.

கதறிவிட்டேன். அன்று கட்டி கரைய வேண்டும் என்று கேட்கவில்லை. தாயே, அவள் நடந்தால் போதும் என்றுதான் கேட்டேன்.

பெங்களூரில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு மகளை விட்டுவிட்டு என் கணவரின் கையைப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு முன்கை கொஞ்சம் வளைந்திருக்கும். சிறுவயதில் விழுந்ததால் வந்தது என்று அவர் வீட்டில் சொல்வார்கள். பேன்ட்டை ஏற்றச் சொன்னார் டாக்டர். முட்டிக்குக் கீழே அதே கல். இது அப்பாவிடமிருந்து வந்தது, புற்று இல்லை, எலும்பே பக்கத்தில் முளைவிட்டு வளர்கிறது, பிள்ளை வளர்ந்து முடித்தால் பெரும்பாலும் இதுவும் நின்றுவிடும் என்றார். ஆனால் காலில் இருப்பது நரம்பை அழுத்துகிறது, அதை எடுத்தே ஆக வேண்டும், இன்னும் தள்ளிப்போட்டால் பாதம் திரும்பாது என்றார். பவித்ராவுக்கு வந்தது வேறு ஜாதிக் கட்டி, எலும்பு வெல்லத்துக்குக் கரையாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆபரேஷன் நடந்தது. பல வாரம் பாதம் அசையவில்லை. மாசியில் ஒரு நாள், பாயில் படுத்திருந்தவள் “அம்மா, இங்க பாரு” என்றாள். பெருவிரல் மேலே எழும்பியது. நான் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

வெள்ளித் தகட்டில் பாதம் செய்து கோயிலுக்கு எடுத்துப் போனோம். ரத்னம்மாவும் கூட வந்தாள். பூசாரி அவளைப் பார்த்து, கௌசல்யா இந்தப் பிள்ளைதானா என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, பவித்ராவுக்குச் சரியான பிறகும் ரத்னம்மா செவ்வாய்தோறும் வந்து என் மகள் பெயருக்கு வெல்லம் கரைத்திருக்கிறாள். நான் வெள்ளிக்கிழமைக்காரி, எனக்கு எப்படித் தெரியும்? ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க மொகம் குடுத்தே பேசலையே அக்கா.”

அழுகை வந்தது. கூடவே வயிறும் எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். நான் கரைத்ததையெல்லாம் விட்டுவிட்டு இவளுடைய அச்சு வெல்லத்தையா எடுத்துக்கொண்டாய் என்று அம்மனைப் பார்த்தேன்.

இப்போது கௌசல்யா ஓடுகிறாள், செருப்பு காலிலேயே இருக்கிறது. மற்ற கட்டிகள் அப்படியே இருக்கின்றன. வருடா வருடம் டாக்டரிடம் காட்டுகிறோம். நான் செவ்வாயும் போகிறேன், வெள்ளியும் போகிறேன். பவித்ரா படிப்புக்காக வேண்டிக்கொள்கிறேன். இந்த முறையாவது ரத்னம்மாவுக்கு முந்திவிட வேண்டும்.

உங்களுக்கும் வயிறு எரிந்தால் எரிச்சலோடேயே அம்மனிடம் போங்கள், அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள். டாக்டரிடமும் போங்கள். கோயிலுக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரையும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையின் பெயரை அங்கே ஏற்கெனவே யார் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ, யார் கண்டது.