பாலம் தாண்டி நின்ற வண்டி

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை. ராமேஸ்வரத்தில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் ஒரே மகளுக்குச் சம்பந்தி வீட்டில் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காக அவளை எங்கள் ஊருக்கு அழைத்து வந்துகொண்டிருந்தோம். நாங்கள் ஒட்டன்சத்திரம் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து தீபாவளிக்கு வருவாள், பொங்கலுக்கு வருவாள், வந்த பையைப் பிரிப்பதற்குள் கிளம்பிவிடுவாள். இந்த முறைதான் மாதக்கணக்கில் என்னோடு இருக்கப் போகிறாள். அந்த நாளுக்காக நான் எப்படிக் காத்துக் கிடந்தேன் என்று பெண்ணைத் தூரத்தில் கொடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கார் பிடித்திருக்கலாம். அன்று பெரிய முகூர்த்தம், எந்தக் காரும் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் வந்த வேனும் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு முன்னதாகவே போய்விட்டது. என் வீட்டுக்காரர் முருங்கைக்காய் ஏற்றுகிற தன் பிக்கப் வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, முன் சீட்டில் மெத்தையைப் போட்டு, "இதுக்கு முன்னாடி காரெல்லாம் எம்மாத்திரம்?" என்று மீசையைத் தடவிக்கொண்டார். காய் ஏற்றுகிற வண்டியை நம்பி அவ்வளவு தூரமா என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் நல்ல காரியத்துக்குப் போகும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று பேசாமல் ஏறி உட்கார்ந்தேன்.

பாம்பன் பாலத்தை நல்லபடியாகத் தாண்டினோம். மண்டபம் நெருங்குகையில் வண்டிக்கு அடியில் 'டமார்' என்று ஒரு சத்தம். அடுத்து இரும்பை ரோட்டில் போட்டு இழுக்கிற சத்தம். இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. அவர் இறங்கி, பட்டு வேட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. இன்ஜினின் சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளமான ஷாப்டின் ஒரு முனை மூட்டு உடைந்து, ஷாப்டு தரையில் இடித்து வளைந்தும் போயிருந்தது.

யாரோ சொல்லி ஒரு மெக்கானிக் கல்யாணப் பந்தியிலிருந்து வெள்ளைச் சட்டையோடு வந்தார். கழற்றிப் பார்த்துவிட்டு, ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய் லேத்தில் கொடுத்து நிமிர்த்தி, புது மூட்டு போட வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை யார் லேத் பட்டறை திறந்திருப்பார்கள் என்று நான் கேட்டேன். வெள்ளிக்கிழமை அடைக்கிற பாய் பட்டறை ஒன்று இருக்கிறதாம். பைக்கில் மெக்கானிக் முன்னால் உட்கார, பின்னால் என் வீட்டுக்காரர் குழந்தையைப் போல ஷாப்டை அணைத்துக்கொண்டு உட்கார, இருவரும் போனார்கள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மருமகன் போன் செய்தார். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம்தானே, ஆட்டோ அனுப்புகிறேன், திரும்பி வந்துவிடுங்கள் என்றார். நான் கண்டிப்பாக முடியாது என்றேன். வளைகாப்பு முடிந்து புகுந்த வீட்டுப் படி இறங்கியவள், கையில் பிள்ளையோடுதான் திரும்ப அந்தப் படி ஏற வேண்டும். எங்கள் பக்கம் அதை யாரும் மீறியதில்லை. என் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நிறைமாத வயிறும் பட்டுப்புடவையும் கை நிறைய வளையலுமாக, ரோட்டோர வேப்பமரத்தின் கீழே வியர்த்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் எதிர்ச் சந்திலிருந்து அந்த அம்மா வேகமாக வந்தார். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் சிலுவை கோத்த செயின்.

"வயித்துப் புள்ளக்காரிய வெக்கையில ஒக்கார வச்சுக்கிட்டு இங்கன என்ன பண்றீக? எந்திரி ஆத்தா, வீட்டுக்கு வா."

என் பதிலுக்குக் காத்திருக்கவே இல்லை. என் மகளின் கையைப் பிடித்து எழுப்பி, மெதுவாக நடத்திக்கொண்டு போய்விட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

சின்ன வீடு. மாதா படத்துக்குக் கீழே பாய் விரித்து, தலையணையைச் சுவரோடு சாய்த்து அவளை உட்கார வைத்தார். கால் வீங்கியிருக்கிறது என்று வெந்நீர் வைத்து ஊற்றினார். அடுப்பில் விளமீன் குழம்பு கொதித்து, வீடு முழுக்க மணத்தது. என் மகள் அந்த வாசனையை இழுத்து உறிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, "சோறு போடவா தாயி?" என்றார்.

நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். "இன்னிக்கு வளைகாப்பு. கவுச்சி ஆகாதுங்க."

"கவுச்சி ஆகாதுதேன். மாசமா இருக்கிறவ ஆசப்பட்டதக் குடுக்காம விட்டா அது மட்டும் ஆகுமாக்கும்? ரெண்டுல எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்கக்கா."

நான் யோசித்து முடிப்பதற்குள் என் மகள் தட்டை வாங்கிவிட்டாள். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முள்ளெடுத்துச் சதையை மட்டும் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். காலையில் சம்பந்தி வீட்டில் எத்தனையோ வகைச் சோறு இருந்தும் கொறித்தவள், இங்கே ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆசைப்பட்டதைச் செய்துபோட்டு, அவள் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தவள் நான். முதல் சோறு வேறொருத்தி கையால் என்று ஆகிவிட்டதே என்று பொருமினேன்.

சாப்பிட்டதும் மகள் கண்ணயர்ந்தாள். அவளுக்கு விசிறிக்கொண்டே அந்த அம்மா மெல்லச் சொன்னார்.

"எம் மக குவைத்துல நர்சுக்கா. அங்கனயே மாசமாகி, அங்கனயே பெத்துக்கிட்டா. வந்தா வேலை போயிருமாம். எனக்கும் போக வழியில்ல. பேரன் இப்ப ஓடுறான். எல்லாம் போன்லதேன்."

அவர் அழவில்லை. விசிறியை அவர் கையிலிருந்து வாங்கி நான் விசிற ஆரம்பித்தேன். அதுவரை மனசுக்குள் முணுமுணுத்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வண்டியைச் சரிசெய்துவிட்டார்கள். கை கால் எல்லாம் கிரீஸோடு என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "தப்பா நெனைக்காதீக அக்கா. வயித்த ஒருதரம் தொட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

கண்ணுபடும், அது இது என்று ஆயிரம் பார்க்கிறவள் நான். ஒரு நொடி தயங்கினேன். என் மகள் தயங்கவில்லை. அவர் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

உள்ளே இருந்தவன் ஓங்கி ஓர் உதை விட்டான் போலிருக்கிறது. "எத்துறான்க்கா!" என்று அந்த அம்மா சத்தமாகச் சிரித்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "ஏலே, சும்மா கெடடா. ஆத்தாவுக்கு வலிக்கும்ல" என்று வயிற்றைப் பார்த்து அதட்டினார். கையை எடுக்க அவருக்கு மனசே வரவில்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

ஊர் வந்து சேர்ந்து, சில வாரங்களில் பேரன் பிறந்தான். அந்த அம்மாவிடம் வாங்கி வைத்திருந்த நம்பருக்குப் போன் செய்து சொன்னேன். எடை என்ன, யார் ஜாடை என்று எதையும் அவர் கேட்கவில்லை. "அவன் அழுகுற சத்தத்தக் கேக்க வையிங்கக்கா" என்றார். தொட்டிலருகே போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது மருமகனுக்கு மஸ்கட்டில் வேலை. என் மகள் அங்கேதான் இரண்டாவதாக உண்டாகியிருக்கிறாள். பிரசவமும் அங்கேயேதானாம். தினமும் சாயங்காலம் போனில் வயிற்றைக் காட்டுகிறாள், நானும் பார்த்துச் சிரிக்கிறேன். பஸ்ஸிலோ சந்தையிலோ மாசமான பெண் யாராவது பக்கத்தில் வந்து நின்றால், தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடுகிறது. இன்றுவரை ஒருத்தியிடமும் கேட்கத் துணிச்சல் வரவில்லை. முன்பின் தெரியாத என்னிடம் அன்று அதைக் கேட்பதற்கு அந்த அம்மா எவ்வளவு ஏங்கியிருக்க வேண்டும் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.