எதிர்த்தரப்பு வக்கீல் சொன்ன ஒரு வாக்கியம்

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் ஏழு பெண்களோடு ஒரு தையல் கூடம் நடத்துகிறேன். தியானத்துக்கு உட்காரும் மெத்தை, யோகா விரிப்புக்கு உறை, இவைதான் தைக்கிறோம். எங்கள் ஊர் ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்க வருஷாவருஷம் வரும் ஒரு ஜெர்மன் அம்மாள் தன் ஊரில் கடை வைத்திருக்கிறார். நாங்கள் தைப்பதில் பெரும்பங்கு அவருக்குத்தான் கப்பலேறும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் சரக்குக்கு ஜிஎஸ்டி இல்லை. துணியும் ஜிப்பும் நூலும் வாங்கும்போது நாம் கட்டிய வரியை, விண்ணப்பித்தால் அரசாங்கம் திருப்பித் தரும். அது வந்தால்தான் அடுத்த ஆர்டருக்குத் துணி எடுக்க முடியும். முதல் இரண்டு தடவை சிக்கலில்லாமல் வந்தது. மூன்றாவது தடவை ஒரு வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்டிருந்தேன். மாதங்கள் ஓடின, வரவில்லை. ஆடிட்டரிடம் போய்க் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்.

"ரிஜெக்ட் பண்ணிட்டாங்கம்மா. விளக்கம் கேட்டு நோட்டீஸ் போட்டிருக்காங்க. நாம பதில் சொல்லலைனு தள்ளிட்டாங்க."

"எனக்கு எந்த நோட்டீஸும் வரலையே சார்."

"தபால்ல வரலம்மா. போர்ட்டல்ல வேற ஒரு பக்கத்துல போட்டிருக்காங்க. அந்தப் பக்கத்த நானும் பாக்கல. அப்பீல் போடற டைமும் முடிஞ்சிடுச்சு."

தன் தவறையும் மறைக்காமல் சொன்னதால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் படியிறங்கும்போதே துணிக்கடன் ஞாபகம் வந்தது. கடனுக்குத் துணி கொடுத்திருந்தவர் தேரடித் தெருவில் கடை வைத்திருக்கும் ஒரு பாய். அவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேராக அவர் கடைக்கே போய் நடந்ததைச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "துணிக்காசுக்கு நான் வெயிட் பண்றேன் தங்கச்சி. ஆனா இத வுட்றாதீங்க. ஆம்பூர்ல என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆச்சு. ஹைகோர்ட்டுக்குப் போனாரு, கெடைச்சுது" என்றார்.

"கவர்மென்ட்டு மேலயே கேஸ் போடறதா பாய்? பயமா இருக்குது."

"போடாம வுட்டா மட்டும் கூப்ட்டுக் குடுத்துடப் போறாங்களா?"

அவரே மச்சானுக்குப் போன் போட்டு, சென்னையிலிருந்த ஒரு பெண் வக்கீலின் நம்பரை வாங்கிக் கொடுத்தார். அந்த வக்கீல் என் காகிதங்களை எல்லாம் படித்துவிட்டு எடுத்த எடுப்பில் ஒன்றைத் தெளிவாக்கினார். "நாம கோர்ட்டுல பணம் கேக்கப் போறதில்லைங்க. பதில் சொல்ல ஒரு சான்ஸ்தான் கேக்கப் போறோம்." அதைக் கேட்டபிறகுதான் எனக்குப் பயம் குறைந்தது. கேட்பது நியாயமான ஒன்று என்ற தெம்பு வந்தது.

ஹைகோர்ட்டில் வழக்கு விசாரணைக்கு வந்த நாள் பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் முடித்துத் திரும்புகிற கூட்டத்தில் சென்னை பஸ்ஸில் ஏறுவதே பெரும்பாடாக இருந்தது. செஞ்சி வரைக்கும் நின்றுகொண்டே போனேன். நான் வரவேண்டியதில்லை என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஆனாலும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

கோர்ட்டில் எங்கள் வக்கீல் சுருக்கமாகப் பேசி உட்கார்ந்தார். வரித்துறைக்காக வயதான ஒரு வக்கீல் எழுந்தார். இவர் என்ன சொல்லிக் கவிழ்க்கப் போகிறாரோ என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னது எனக்கே புரிந்தது. இந்த அம்மாவுக்கு விளக்கம் சொல்ல ஒரு வாய்ப்புத் தருவதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அவ்வளவுதான். நீதிபதி பழைய உத்தரவை ரத்து செய்து, என்னை நேரில் கேட்டு மறுபடி முடிவெடுக்கும்படி அதிகாரிக்கே திருப்பி அனுப்பினார்.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் சொன்னார். "டைம் தாண்டிப்போச்சு, தள்ளுபடி பண்ணுங்கனு அவர் நின்னு வாதாடியிருக்கலாம். பண்ணல."

அந்த வயதான வக்கீல் வழக்குக் கட்டுகளை அணைத்துக்கொண்டு அடுத்த கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்க் கும்பிட்டேன். அவர் சற்றுத் திகைத்து நின்றார். "எனக்கெதுக்கும்மா நன்றி? பேப்பரெல்லாம் ஒழுங்கா எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஊரில் அதிகாரிக்கு முன்னால் போகவேண்டியிருந்தது. என் விண்ணப்பத்தை மறுத்தவரே அவர். கோர்ட்டுக்குப் போய்விட்டாளே என்று கடுகடுப்பார் என நினைத்தேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். கப்பல் ரசீதுகளையும் பேங்க் சான்றுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒரு பில்லில் மட்டும் விரல் நின்றது.

"இது தையல் மெஷின் வாங்குனதும்மா. மெஷினுக்குக் கட்டுன வரி இந்த ரீஃபண்ட்ல வராது. இத எடுத்துட்டா மீதியில ஒண்ணும் தடை இல்ல."

"எடுத்துடுங்க சார். அது தெரியாம சேத்துட்டோம்."

"மொதல்லயே நீங்க நேர்ல வந்திருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காது," என்றார். குரலில் குத்தல் இல்லை. அவருக்கும் அது ஒரு வருத்தமாகவே இருந்தது என்று எனக்குப் பட்டது.

பணம் கணக்கில் ஏறிய அன்று பாயின் பாக்கியைத் தீர்த்தேன். வட்டி என்று எதையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. பணம் முடங்கியிருந்த அத்தனை நாளும் என்னோடு இருந்த ஏழு பேருக்கும் பாதிக் கூலியில் வேலை செய்த வாரங்களுக்கு மீதியைக் கொடுத்தேன். அவர்களில் ஒருத்தியை வேறிடத்தில் ஜாஸ்திக் கூலிக்குக் கூப்பிட்டிருந்தார்கள் என்பதும், அவள் போகவில்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா போகச் சொல்வீங்க, அதான்" என்று சொல்லிவிட்டுத் தைக்கத் தொடங்கினாள்.